நித்தியகல்யாணி: இலையில் மருந்து எவ்வளவு, நஞ்சு எவ்வளவு?

வீட்டு வாசலிலும் மையவாடிகளிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. சுடுகாட்டு மல்லி என்றும் இதைச் சொல்வார்கள். சர்க்கரை நோய்க்கு இதன் பூவையும் இலையையும் கொதிக்க வைத்துக் குடிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. வாட்ஸ்அப் புண்ணியத்தில் இப்போது அது இன்னும் பரவுகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் ஆகிய இரண்டு கீமோதெரபி மருந்துகளும் இதே செடியில் கிடைத்தவை என்பது குடிப்பவர்களில் பலருக்குத் தெரியாது.

1952-ல் ஜமைக்காவிலிருந்து ஓர் உறையில் இந்த இலைகள் கனடா மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்தன. அங்கும் சர்க்கரை நோய்க்கு இதைத் தேநீராகக் குடித்து வந்தார்கள். அவர் தம்பி ராபர்ட் நோபிள் இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோது எலிகள் கிருமித் தொற்றால் இறந்தன; ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. அப்படியானால் வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே என்று ஆய்வு திசை மாறியது. 1958-ல் அவரும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். வின்கிறிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் அது முக்கிய மருந்து.

இந்தச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. வேரில் இருக்கும் அஜ்மலிசின் ரத்த ஓட்டத்துக்கான மருந்து. இலையில் கிடைக்கும் வின்பிளாஸ்டினோ மிகச் சொற்பம்: ஒரு கிராம் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டின் அதைவிடக் குறைவு. பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு அது பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அளவு மீறினால் கை கால் மரத்துப் போகும், குடல் இயக்கம் முடங்கும்.

இவ்வளவு நுண்ணிய அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? காய்ந்த இலைத்தூளை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, அமிலமும் காரமும் மாற்றி மாற்றிச் சேர்த்து ஆல்கலாய்டுகளை மட்டும் தனியே எடுப்பார்கள். அதை ஹெச்.பி.எல்.சி. என்ற கருவியில் செலுத்துவார்கள். நுண்துகள் நிரப்பிய குழாய்க்குள் மிகுந்த அழுத்தத்தில் ஓடும்போது ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். புறஊதா ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பதிவு செய்து, அளவு தெரிந்த தூய மாதிரியோடு ஒப்பிட்டால் கணக்குக் கிடைத்துவிடும். இலையின் வயது, ரகம், பருவம், உலர்த்திய சூடு எல்லாவற்றுக்கும் ஏற்ப அளவு மாறுவதால் ஒவ்வொரு கொள்முதலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

“இவ்வளவு சொற்பம்தானே, ஒரு தம்ளர் கஷாயம் என்ன செய்துவிடும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தத் தம்ளர் புற்றுநோயைக் குணமாக்காது. அந்த மருந்துகளை நரம்பு ஊசியாகத்தான் போடுகிறார்கள். ஆனால் கஷாயத்தில் மற்ற ஆல்கலாய்டுகளும் இறங்குகின்றன, அதுவும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு அளவில். சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோகும் ஆபத்தும் உண்டு. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. ஏற்கனவே குடித்து வருபவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லி, ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்வது நல்லது.