மச்சான் கையில் கயிறு

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் நீருக்கடியில் மீன் குத்தும் காற்றழுத்தத் துப்பாக்கி இருக்கிறது. போன விடுமுறையில் அவர் அதைப் பிரித்துத் துடைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் உள்ளிருந்த காற்றை முழுவதும் வெளியேற்றினார். ஈட்டி பாய்ந்த பிறகும் இந்த வகைத் துப்பாக்கிக்குள் அழுத்தம் அப்படியே இருக்குமாம். பிறகு டிரிகரைக் கழற்றி, பிஸ்டனின் வாலைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கியை நகத்தால் தடவிப் பார்த்தார். "இதோட முனை மழுங்கிப்போச்சுன்னா தானா சுட்டுடும்" என்றார். ஸ்பிரிங்கில் துரு, ரப்பர் வளையத்தில் கீறல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அரை மணி நேரம் ஆனது.

கடலுக்குள் இறங்குகிறவனின் உயிர் இப்படி ஏதோ ஒரு சின்னப் பாகத்தில்தான் தொங்கும். அப்படியானால் தூத்துக்குடி முத்துக்குளிப்பில் அந்தப் பாகம் எது? அதை யார் சோதித்தார்கள்?

அங்கே கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஏறக்குறைய 18 கிலோ எடையுள்ள கல், கயிறு, சிப்பி அள்ள ஒரு வலைப்பை. கல்லில் கால் வைத்து 5 முதல் 10 பாகம் ஆழம் வரை, அதாவது 9 முதல் 18 மீட்டர் வரை இறங்குவார்கள். தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிட, மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடம், கொஞ்சம் கூடுதலாகச் சிப்பி பொறுக்குவார்கள். பிறகு கயிற்றைச் சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். துப்பாக்கியில் விரல் டிரிகரை இழுக்கிறது. இங்கே கீழிருந்து வரும் ஒரு சுண்டல். அதற்குப் பதில் சொல்வது இன்னொரு மனிதனின் கை.

அரசுகளும் சோதனை செய்தன. ஆனா அவங்க சோதிச்சது சிப்பியை! ஆங்கிலேயர் காலத்தில் குளிப்பு அறிவிக்கும் முன் அதிகாரிகள் பார்களுக்குப் படகில் போய் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தைப் பிரித்து மதிப்புப் போட்டுப் பார்த்தார்கள். விலை தேறினால்தான் அந்த ஆண்டு குளிப்பு. சிப்பி பெருகாமல் பல ஆண்டுகள் சும்மாவே போயிருக்கின்றன. இங்கே கடைசிப் பெரிய குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தவை.

சுறாவுக்கும் ஏற்பாடு இருந்தது. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார். இதே வேலையைச் செய்த 'கடல்கட்டி'கள் பிற்காலத்திலும் இருந்தார்கள்.

சரி, கயிற்றைப் பிடிப்பவர்? ஆங்கில அதிகாரிகள் அவரை 'முண்டக்' என்று எழுதினார்கள். அவர்களுக்கு அது ஒரு வேலையின் பெயர். நம்ம ஊர்க் கதை வேற சொல்லுது. கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பாங்களாம், மனைவியின் உடன்பிறந்தவன் கையில. அண்ணன் தம்பிக்குச் சொத்தில் கண் இருக்கலாம். மச்சானுக்குத் தன் தங்கச்சி தாலி நிலைக்கணும், அதனால அவன் கை அசராது.

ஒவ்வொரு படகிலும் மச்சான்தான் கயிறு பிடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கதை கடலோர மக்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. கயிறு நைந்திருந்தால் கரையிலேயே கண்ணுக்குத் தெரியும். பிடித்திருப்பவன் கவனம் சிதறினால் கீழே இருப்பவனுக்கு மூச்சு முடிகிற நேரத்தில்தான் தெரியும். கொக்கியை நகத்தால் தடவிப் பார்க்கலாம், மனசை எப்படிப் பார்ப்பது? அதனால்தான் கல்யாணத்திலேயே சோதனையை முடித்துவிட்டார்கள் போல.

இந்தக் கதையை நாம் மச்சான் பெருமையாகவே சொல்லிக்கொண்டு வருகிறோம். எனக்கு இது ஒரு பாதுகாப்பு விதியாகத் தெரிகிறது. எந்த அரசும் எழுதித் தராத விதி. சிப்பிக்கு அறிக்கை உண்டு, ஆளுக்கு உறவுதான்.

முத்துக்குளிப்பின் பழைய படம் எங்கேயாவது கிடைத்தால், குதிக்கிறவரை விட்டுவிட்டுப் படகின் ஓரத்தில் நிற்பவரைக் கொஞ்சம் பாருங்க. அவர் கண் எங்கே இருக்கு, கை எப்படி இருக்குன்னு.