குளிர்பதனத் தொழிலாளர் பயிற்சியும் ஓசோன் பாதுகாப்பும்

ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வாயுக்களைக் காற்றில் விடாமல் குளிர்சாதனப் பெட்டி, ஏசி ஆகியவற்றைப் பழுதுபார்க்க, இந்தியத் தொழிலாளர்களுக்கு 1990களின் இறுதியிலிருந்து முறையான பயிற்சி அளிக்கப்பட்டு வருகிறது.

பின்னணி

குளோரோபுளோரோகார்பன் (சி.எஃப்.சி.) வாயுக்கள் மேல் வளிமண்டலத்தில் குளோரினை வெளியிட்டு ஓசோனை அழிக்கும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் எடுத்துக்காட்டினர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பது தெரியவந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வளரும் நாடுகளின் மாற்றுச் செலவை ஏற்கும் நிதியம் 1990 லண்டன் மாநாட்டில் முடிவானது. அதன் பிறகு, 1992இல் இந்தியா ஒப்பந்தத்தில் இணைந்தது.

பட்டறைப் பழக்கம்

சி.எஃப்.சி. தயாரித்த ஆலைகள் மிகச் சில. பழுதுபார்க்கும் பட்டறைகளோ ஊர்தோறும் இருந்தன. அங்கிருந்தவர்களில் பலர் மூத்த மெக்கானிக்கிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர்கள். குழாயை வெட்டிப் பழைய வாயுவை வெளியே விட்டுவிட்டுப் புதிதாகக் 'கேஸ் அடிப்பது' வழக்கமாக இருந்தது. அனுமந்தை, மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று உலோகக் குழாய்களை விரைவில் அரிக்கும். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அதுவும் கசிந்து போகும்; வீட்டுக்காரருக்கும் மீண்டும் செலவு.

பயிற்சி

சுவிட்சர்லாந்து, ஜெர்மனி நாடுகளின் உதவியுடன் நடந்த 'ஹைடெகோர்' திட்டம் சிறு பட்டறைகளை நாடிச் சென்றது. 2004 முதல் தேசிய சி.எஃப்.சி. பயன்பாட்டு ஒழிப்புத் திட்டம் அப்பணியை விரிவாக்கியது. பயிற்சியில் கற்பிக்கப்பட்டவை:

- சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்தல்
- பழைய வாயுவை உருளையில் மீட்டெடுத்தல்
- நைட்ரஜன் செலுத்திக் குழாயைப் பற்றவைத்தல்
- வெற்றிடப் பம்பால் காற்றையும் ஈரத்தையும் அகற்றுதல்
- எடை போட்டு வாயு நிரப்புதல்

பின்விளைவு

2008 ஆகஸ்ட் 1 முதல் இந்தியா சி.எஃப்.சி. உற்பத்தியை நிறுத்தியது, ஆஸ்துமா உறிஞ்சி மருந்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2010 சனவரி 1 என்ற கெடுவுக்கு 17 மாதங்கள் முன்னரே இது நிறைவேறியது.

பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 வாயுவும் ஓசோனைச் சிதைப்பதால் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கற்றது. ஆனால் புவி வெப்பத்தைக் கூட்டும். அத்தகைய வாயுக்களைக் குறைக்கும் 2016ஆம் ஆண்டுக் கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. இன்றைய குளிர்சாதனப் பெட்டிகளில் பரவியுள்ள ஆர்-600ஏ இவ்விரு குறைகளும் இல்லாதது, எனினும் தீப்பற்றக்கூடியது. வாயு தங்கியுள்ள குழாயருகே பற்றவைப்புச் சுடரைக் கொண்டுசென்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, ஓசோனைக் காக்கத் தொடங்கிய பயிற்சி இப்போது தொழிலாளியின் உயிரைக் காக்கவும் தேவைப்படுகிறது.