தனித்தொகுதியில் 'தனி' எது?

தேர்தல் வந்துவிட்டால் நம் காதில் தவறாமல் விழும் பேச்சு ஒன்று உண்டு: "உங்களுக்குத்தான் தனித்தொகுதி கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" சொல்பவர் டீக்கடையில் இருப்பவராகவும் இருக்கலாம், முற்போக்கு மேடையில் நிற்பவராகவும் இருக்கலாம். நம் இளைஞர்கள் சிலரே தனித்தொகுதி என்றால் நம் மக்கள் மட்டும் வாக்களிக்கும் தொகுதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சொல் செய்யும் மயக்கம் அது. தனித்தொகுதியில் தனியாக இருப்பது வேட்பாளரின் சாதிச் சான்றிதழ் மட்டுமே. வாக்காளர் பட்டியல் பொது. பெரும்பாலான தனித்தொகுதிகளில் பட்டியல் சாதியினர் வாக்காளரில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. நம் பிரதிநிதி யார் என்பதை முடிவு செய்வது ஊர்த்தெரு.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல, படிப்படியாகச் செதுக்கிச் செதுக்கி இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்வில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு இரண்டு வாக்குகள் இருந்தன. ஒன்றால் தங்கள் உறுப்பினரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், மற்றதைப் பொதுத்தொகுதியில் போடலாம். இரட்டை வாக்குரிமை என்று நாம் சொல்வது இதைத்தான். எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று புனே ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்திட்டவர்களில் எம்.சி. ராஜாவும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் உண்டு. மாகாணச் சட்டமன்றங்களில் இடங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இருமடங்காகி 148 ஆனது, சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. இடம் கூடியது, தேர்ந்தெடுக்கும் கை மாறியது.

அதிலும் ஒரு மிச்சத்தை அண்ணல் காப்பாற்றி வைத்திருந்தார். அதுதான் முதல்நிலைத் தேர்தல். தனி இடம் உள்ள தொகுதியில் நம் வாக்காளர்கள் மட்டும் கூடி நான்கு பேரை முதலில் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நால்வரில் ஒருவரைத்தான் பொது வாக்காளர்கள் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டியிடுவோர் நான்கு பேரைத் தாண்டினால்தான் முதல்நிலைத் தேர்தலே நடக்கும். நடந்தாலும், சேரியில் முதலிடம் பெற்றவர் ஊர் வாக்கில் தோற்கலாம், சேரியில் நான்காவதாக வந்தவர் ஜெயிக்கலாம். 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 30 தனி இடங்களில் 26 காங்கிரசுக்குப் போயின. 1946இல் அண்ணலின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு நாடு முழுவதும் விரல்விட்டு எண்ணும் இடங்களையே பெற்றது. வங்கத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் துணை நின்றிராவிட்டால் அரசியல் நிர்ணய சபைக்குள் அவர் அப்போது நுழைந்திருக்கவே முடியாது.

அந்தச் சபையில் நம்மவர்கள் அதிகம் பேசாத ஒரு முயற்சி நடந்தது. 1947 ஆகஸ்ட் 28 அன்று சென்னை மாகாணத்திலிருந்து சென்ற எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனி இடத்தில் ஒருவர் வென்றதாக அறிவிக்க வேண்டுமானால், அங்கே பட்டியல் சாதியினர் போட்ட வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காட்டை அவர் பெற்றிருக்க வேண்டும். தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நூற்றில் முப்பத்தைந்து பேராவது நம்மவர் ஏற்ற ஆளாக இருக்கட்டும் என்றுதான் கேட்டார். பட்டேல் கடுமையாக எதிர்த்தார், திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. அதன்பிறகு இந்தக் கேள்வியை எந்தச் சபையும் அந்த அளவுக்குக்கூட எடுத்துப் பேசவில்லை.

குடியரசின் முதல் இரண்டு பொதுத்தேர்தல்களில் வேறொரு முறை இருந்தது, இரட்டை உறுப்பினர் தொகுதி. 1952இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்கள் 309 தொகுதிகளில் அடங்கியிருந்தன. அவற்றில் 66 இரட்டைத் தொகுதிகள்: 62இல் ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கு, 4இல் பழங்குடியினருக்கு. மொழிவாரிப் பிரிவினைக்குப் பின் 1957இல் 205 இடங்கள், 167 தொகுதிகள், 38 இரட்டை. மேலூரில் கக்கன் வென்றது அப்படியொரு தொகுதியில்தான், கூடவே பெரியகருப்பன் அம்பலம். இரண்டு பேருமே காங்கிரஸ்.

இங்கே ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. இதையும் 1932இன் இரட்டை வாக்குரிமையையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அது நமக்கு மட்டுமான கூடுதல் வாக்கு, இது எல்லாருக்கும் இரண்டு. இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போடக்கூடாது, போட்டால் ஒன்று செல்லாது. அந்தத் தடை யாரைத் தாக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் தங்கள் வாக்கை ஒரே இடத்தில் குவித்தால்தான் கரையேற முடியும். அந்த வழி அடைக்கப்பட்டது. நம் ஆளுக்கு ஒன்று போட்ட கை, இன்னொன்றை வேறு யாருக்காவது போட வேண்டும், அல்லது வீணாக்க வேண்டும்.

அண்ணலே இதில் அடிபட்டார். 1952இல் வட பம்பாய் இரட்டைத் தொகுதியில் சோசலிஸ்டு அசோக் மேத்தாவுடன் கூட்டணி வைத்துத் தனி இடத்துக்கு நின்றார். காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கரிடம் 14 ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார். அந்தத் தொகுதியில் செல்லாமல் போன வாக்குகள் 70 ஆயிரத்துக்கும் மேல். வாக்கை வீணடிக்கச் சொல்லிக் கம்யூனிஸ்டுகள் பிரச்சாரம் செய்தார்கள் என்று அவரும் மேத்தாவும் தேர்தல் வழக்கே போட்டார்கள். பயன் இல்லை. அரசமைப்பை எழுதியவர் மக்களவைக்குள் போக முடியாமல் மாநிலங்களவை வழியாகப் போனார்.

இந்த முறையில் ஒரு நல்ல ஓட்டையும் இருந்தது. எண்ணும்போது, தனி இடத்துக்கு உரியவர்களில் அதிக வாக்கு பெற்றவரை முதலில் அறிவிப்பார்கள். பிறகு மீதமுள்ள எல்லாரையும், தோற்ற தனி இட வேட்பாளர்களையும் சேர்த்து, ஒன்றாக நிறுத்தி அதிக வாக்கு பெற்றவருக்குப் பொது இடத்தைத் தருவார்கள். ஆக, இரண்டு இடத்தையும் நம்மவரே பிடிக்கலாம். 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் அது நடந்தது. இரண்டு பழங்குடி வேட்பாளர்கள் வென்றார்கள். சில நூறு வாக்கில் தோற்றவர் முன்னாள் மத்திய அமைச்சர் வி.வி. கிரி. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தனி இடத்துக்கு நின்றவர் பொது இடத்தைப் பெற முடியாது என்பது அவர் வாதம். 1959இல் நீதிமன்றம் அதை நிராகரித்தது. பொது இடம் எல்லாருக்கும் பொது, பட்டியலில் இருப்பதால் ஒருவர் அந்த உரிமையை இழப்பதில்லை.

இரண்டே ஆண்டில், 1961இல், இரட்டைத் தொகுதி ஒழிப்புச் சட்டம் வந்தது. தொகுதி மிகப் பெரிது, செலவு அதிகம், பிரச்சாரம் கடினம் என்று காரணம் சொன்னார்கள். அவை பொய்யில்லை. நாமும் அந்த முறையைத் தூக்கிப் பிடிக்கவில்லை. ஜீப்பும் பணமும் பொது வேட்பாளரிடம், பின்னால் கைகூப்பி வருவது நம்மவர் என்பதுதான் பல இடங்களில் நடந்திருக்கும். ஆனால் கிரிக்கு வந்த தோல்வி யாருக்கு என்ன பாடம் கற்பித்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு இரட்டைத் தொகுதியையும் இரண்டாக வெட்டி, பட்டியல் மக்கள் கூடுதலாக உள்ள துண்டைத் தனித்தொகுதி ஆக்கினார்கள். மற்றத் துண்டு பொதுத்தொகுதி என்ற பெயரில் சாதி இந்துத் தொகுதியாகவே பழக்கப்பட்டுவிட்டது. சட்டத்தில் அப்படி எங்கும் எழுதவில்லை. கட்சி அலுவலகங்களில் எழுதாமலே நடக்கிறது.

இதன் மறுபக்கம் ஊராட்சியில் தெரிந்தது. கக்கனை ஏற்ற அதே மேலூர் வட்டாரத்தில், 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி நமக்கு ஒதுக்கப்பட்டபோது, 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தலைவரே அமர முடியவில்லை. சட்டமன்றத் தனித்தொகுதிக்கு இப்படிப்பட்ட எதிர்ப்பு எழாததற்குக் காரணம் எளிது: அங்கே வேட்பாளரைப் பொறுக்கி எடுப்பது கட்சித் தலைமை, ஜெயிக்க வைப்பது ஊர் வாக்கு. ஊராட்சித் தலைவரோ உள்ளூரிலேயே, கண்ணெதிரே, நாற்காலியில் உட்காருகிறார்.

இன்று தமிழகச் சட்டமன்றத்தில் 234க்கு 44 நம் பங்கு, மக்களவையில் 39க்கு 7. அதற்கு மேல் ஓர் இடம் கேட்டால் 'உங்களுக்குத்தான் தனித்தொகுதி இருக்கிறதே' என்கிறார்கள். 2001இல் திருச்சி மக்களவை இடைத்தேர்தலில் அ.தி.மு.க. தலித் எழில்மலையை நிறுத்தியது. அது பொதுத்தொகுதி. அவர் ஜெயித்தார். அடுத்த வேட்பாளர் பட்டியல் வெளிவரும் நாளில், பொதுத்தொகுதிகளுக்கு நேரே உள்ள பெயர்களில் எத்தனை நம்முடையவை என்று கட்சி வாரியாக எண்ணப்போகிறோம்.