ஒரு பாடத்திட்டத்தின் பூர்வ சரித்திரம்

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பர்டூ சர்வகலாசாலை கம்ப்யூட்டர் சாஸ்திரத்துக்கெனத் தனி இலாகா ஒன்றை ஸ்தாபித்தபோது, அச்சாஸ்திரத்தில் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் என்று ஒரு வர்க்கமே இருக்கவில்லை. அக்காலத்தில் அதைக் கற்பிக்க முன்வந்தவர்கள், பெரும்பாலும் கணிதத்திலிருந்தும் மின்பொறியியலிலிருந்தும் வந்தவர்களாதலின், தத்தம் தாய்வீட்டுச் சீதனத்தையே கொண்டுவந்து பரப்பினார்கள். இந்நிலையை ஒழுங்குபடுத்த எண்ணி, ஏ.சி.எம். என்னும் கம்ப்யூட்டர் துறைச் சங்கம் 1968-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், தர்க்கமும் கணங்களும் அடங்கிய தனிநிலைக் கணிதத்தையும், எண்முறைக் கணிதத்தையும் ஆரம்பப் பாடங்களிலேயே சேர்த்து, கணிதத்துக்கு அக்ராசனம் அளித்தது.

பத்தாண்டுகளில் காற்று திசை மாறிற்று. 1979 மார்ச்சில் அச்சேறிய, அதே சங்கத்தின் 'பாடத்திட்டம் 78', புரோகிராம் எழுதும் பயிற்சியை நடுநாயகமாக்கி, கணிதத்தைப் பக்கத்துத் திண்ணைக்கு அனுப்பிவிட்டது. உத்தியோகச் சந்தையின் அவசரம் இதில் தெரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மறு வருஷமே கம்ப்யூட்டர் சாஸ்திர அறிஞர்களான அந்தனி ரால்ஸ்டனும் மேரி ஷாவும், மொழிகளும் இயந்திரங்களும் மாறிக்கொண்டேயிருக்க, மாணவனுக்கு நெடுங்காலம் துணை நிற்பவை கணித ஆதாரங்களே என்ற கருத்தில் கண்டனம் எழுதினார்கள்.

அவர்கள் கட்சி முழுமையாக ஜெயித்தது என்று சொல்வதற்கில்லை. மாதிரிப் பாடத்திட்டத்தின் 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், கட்டாயமான 280 மணிநேரத்தில் 43 மணிநேரம் தனிநிலைக் கணிதத்துக்கு ஒதுக்கப்பட்டது. எண்முறைக் கணிதத்துக்கோ கட்டாய நேரம் ஒன்றுகூடக் கிட்டவில்லை.