எஞ்சிய சோற்றின் வரலாறு

மன்னர்களின் வரலாறு கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அடுக்களையின் வரலாற்றைப் பொறித்து வைப்பார் இலர். அது பானையின் அடியில் ஒட்டிக் கிடந்து, மறுநாட் காலையில் கழுவப்பட்டு மறைந்துவிடுகிறது. ஆயினும் ஓர் இனம் எவ்வாறு வாழ்ந்தது, வறுமையை எவ்வாறு வென்றது என்பதை அறிய விரும்புவோர் அந்தப் பானையையும் ஒருகாற் பார்த்தல் வேண்டும். அம்முயற்சியே இச்சிறு கட்டுரை.

நம் புரோத்ராபூரில் இரவு உணவு முடிந்தபின் இல்லந்தோறும் ஒரு கேள்வி எழுகிறது: மிஞ்சிய சோற்றை என்ன செய்வது? இக்கேள்வி தாயகத்தில் எழுவதினும் இங்கே சற்று அழுத்தமாகவே எழும். சென்னைத் துறைமுகத்திற்கும் நம் தீவுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கப்பல் வந்து சேர மூன்று நாட்கள் ஆகின்றன. நாம் உண்ணும் அரிசியிற் பெரும்பகுதியும், பருப்பும், வெங்காயமும், உருளைக்கிழங்கும் அக்கடலைக் கடந்தே நம் அடுப்பை அடைகின்றன. கப்பல் தாமதித்தால் கடைவீதியில் விலை ஏறும் என்பதை நம் குழந்தைகளும் அறிவர். ஆகவே, இங்கே ஒரு கைப்பிடிச் சோற்றைக் கொட்டுவது, கடல் கடந்து வந்த விருந்தாளியை வாசலோடு திருப்பி அனுப்புவது போன்றதாகும்.

பழஞ்சோற்றின் பழமை

எஞ்சியதைப் போற்றும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டை நாட்டு உழவர் குடியைக் காட்டுகிறார். அங்கே உழைத்து உரமேறிய கைகளையுடைய தொழிலாளரின் அருமைச் சிறுவர்கள், பழஞ்சோற்றைத் தின்று தின்று சலித்து, புது நெல்லை அவலாக இடிக்கத் தொடங்குகின்றனர். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ச் சிறுவன் 'மறுபடியும் பழையதா?' என்று முகம் சுளித்திருக்கிறான்! நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று அவ்வாறு கேட்டால் அன்னையர் வருந்த வேண்டுவதில்லை. அதுவும் இலக்கியத்தில் இடம்பெற்ற முணுமுணுப்பே.

பழையது எவ்வாறு உணவாகிறது என்பதும் அறியத்தக்கது. ஆறிய சோற்றில் நீரூற்றி ஓரிரவு மூடிவைத்தால், அதில் நுண்ணுயிர்கள் பெருகி லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பே சோற்றுக்குத் தனிச்சுவை தருவதோடு, கெடுக்கும் கிருமிகள் வளராமலும் தடுக்கிறது. மேலே தெளிந்து நிற்கும் நீராகாரம் உழவனின் காலைப் பானம்; உப்பும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அதன் துணைவர். குளிரூட்டும் பெட்டி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அடுப்பெரிக்காமல், காசு செலவழிக்காமல் சோற்றைக் காக்கும் வழியை நம் முன்னோர் கண்டிருந்தனர்.

இது தமிழர்க்கு மட்டுமே உரிய பெருமை என்று எண்ணிவிடலாகாது. நம் தீவிலேயே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். வங்காளத்துச் சகோதரி அதனைப் 'பாந்தா பாத்' என்பாள். ஒரிசா நாட்டவர் 'பகாளா' என்பர். ஆந்திர நண்பர் 'சத்தி அன்னம்' என்பார். மலையாளி 'பழங்கஞ்ஞி' என்பார். ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தோர் 'பாசி பாத்' என்பர். மொழி ஐந்தாயினும் சட்டியிலுள்ளது ஒன்றே. பல மாநிலத்தாரும் கூடிவாழும் அந்தமானில் ஒற்றுமையை மேடையில் மட்டுமே தேட வேண்டுவதில்லை.

விருந்தின் மறுநாள்

பழையது ஏழையின் உணவு மட்டும் என்பதும் பொருந்தாது. பொங்கலுக்கு மறுநாள் சில குடும்பங்களில் பெண்கள் கனுப்பிடி வைப்பர். முதல்நாட் சோற்றையும் பொங்கலையும் சிறு உருண்டைகளாக்கி, வண்ணம் சேர்த்து, இலையிற் பரப்பிக் காக்கைக்கு இட்டு, உடன்பிறந்தோர் நலம்பெற வேண்டுவர். மங்கலச் சடங்கொன்றிலேயே முதல்நாட் சோற்றுக்கு இடமளித்தது நம் மரபு.

திருமண வீட்டின் மறுநாளை நினைத்துப் பாருங்கள். மிஞ்சிய சாம்பார், கூட்டு, பொரியல், வற்றற் குழம்பு யாவற்றையும் ஒரே பாத்திரத்திலிட்டு, மெல்லிய தீயில் நீர் வற்றும்வரை சுண்டவைத்தால் சுண்டக்கறி ஆகிறது. தென்மாவட்டங்களில் இதனைப் பழங்கறி என்பர். தஞ்சைப் பக்கத்திற் சில வீடுகளில் எரிச்ச குழம்பு என்பர். முதல்நாள் இலையில் தனித்தனியே இருந்த சுவைகள் மறுநாள் ஒன்றாகி, முன்னில்லாத ஒரு சுவையைத் தருகின்றன. விருந்துக்கு வந்தவர் அறியாத இச்சுவையை வீட்டார் மட்டுமே அறிவர்.

இவ்வாறே மிஞ்சிய சோறு சீரகமும் மிளகாயும் சேர்ந்து வெயிலிற் காய்ந்து வடகமாகிறது. புளித்த தோசை மாவு வெங்காயம் கூடிக் குழிப்பணியாரமாகிறது. ஆறிய இட்லி உதிர்ந்து உப்புமாவாகிறது. புளித்த மோர் குழம்பாகிறது. அரிசி கழுவிய நீரிற் புளி கரைப்பதும் இந்த மரபைச் சேர்ந்ததே. பர்மாவிலிருந்து 1964க்குப் பின் திரும்பிய தமிழர், முதல்நாட் சோற்றை வெங்காயத்தோடும் வேகவைத்த பட்டாணியோடும் தாளித்துக் காலையுணவாகக் கொள்ளும் அந்நாட்டு வழக்கத்தையும் நன்கறிவர்.

பஞ்சம் கற்பித்த பாடம்

இத்தனையும் இன்பக் கதையென்று முடித்துவிடலாமோ? முடியாது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில், நிவாரண வேலை செய்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியம், அஃதாவது ஏறத்தாழ 450 கிராம், போதுமென்று சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். பட்டினியால் மாண்டோர் பல இலட்சம். எஞ்சுவதற்கே ஒன்றுமில்லாத காலம் அது.

நம் தீவும் அத்தகைய காலத்தைக் கண்டதே. 1858 மார்ச்சில் கைதிகளின் குடியிருப்பு தொடங்கியது. 1906இல் முடிந்த செல்லுலார் சிறையிற் கைதிகளுக்குக் காலையுணவாகக் கிடைத்தது கஞ்சியே. பின்னர் 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரைக் கைப்பற்றியது. அவ்வாண்டிலேயே பர்மாவும் ஜப்பானியர் வசமாகி, அந்நாட்டு அரிசி இந்தியாவுக்கு வருவது நின்றது. அடுத்த ஆண்டு வங்கத்தில் பெரும் பஞ்சம் மூண்டது. தீவிலோ, போரின் இறுதியாண்டுகளிற் கப்பல்கள் வருவது அருகி உணவு சுருங்கியது. 1945 ஆகஸ்டில், பயிரிடுவதற்கென்று சொல்லி நூற்றுக்கணக்கானோரைக் கப்பலில் ஏற்றி ஹேவ்லாக் தீவுப் பக்கம் கொண்டுபோய்க் கடலில் இறக்கிவிட்டனர். மூழ்கி மாண்டோர் பலர். கரையேறியோரிலும் பசியால் மடிந்தோர் பலர். 2018இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர்பெற்று, இன்று உல்லாசப் பயணிகள் விரும்பிச் செல்லும் இடம் அதுவே. போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பெயர்கள் மாறலாம். இம்மண்ணிற் பசி நடந்த தடம் மாறாது. அத்தடத்தின்மேல் குடியிருக்கும் நாம் சோற்றை வீணாக்குதல் தகுமோ?

பழையதை உண்பவர் யார்?

ஆயினும் வீணாக்காமை ஒன்றே நம் மரபு முழுமையும் ஆகிவிடாது. பழையதற்கு இழிவு எவ்வாறு வந்தது என்பதையும் நேர்மையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். பண்ணையில் உழைத்தவனுக்குக் கொல்லைப்புறத்தில் நிற்கவைத்துப் பழையதை ஊற்றினர். முன்கூடத்திற் புதுச்சோறு ஆவி பறந்தது. வீட்டுக்குள்ளேயும் அதே கதைதான். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சூடான சோறு. எல்லோரும் உண்டபின் எஞ்சியது தாய்க்கு. 'எனக்கு இதுதான் பிடிக்கும்' என்று அவள் சொன்னதை நாமும் நம்பினோம்; நம்புவது நமக்கு வசதியாக இருந்தது! இழிவு சோற்றில் இல்லை. ஒருவருக்குப் புதியதும் மற்றொருவருக்குப் பழையதும் என்று பிரித்த கையில் இருந்தது.

எனவே சிக்கனத்தின் முதல் விதி பங்கீடே ஆகும். பழையதாயின் அனைவருக்கும் பழையது. சுண்டக்கறியாயின் அனைவர் இலையிலும் சுண்டக்கறி. குடும்பத் தலைவரும் பிள்ளைகளும் அன்னையும் ஒருசேர உண்ணும் நேற்றைய சோறு, இன்றைய விருந்தேயாகும். தாய் ஒருத்தி மட்டும் மூலையில் உண்ணும் சோறு சிக்கனமன்று, அநீதி.

இரண்டாம் விதி எச்சரிக்கை. நம் தீவில் மே முதல் டிசம்பர் வரை மழை. ஆண்டு முழுதும் வெம்மையும் ஈரமும். சோற்றை நெடுநேரம் வெளியே விட்டுவைத்தலாகாது. ஆறியவுடன் நீரூற்றுக, அன்றேல் குளிர்ப்பெட்டியில் வைக்க. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு இங்கே விரைவிற் கெடும். மறுநாளுக்கு வேண்டுமாயின் இரவே கொதிக்கவைத்து, ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்தல் நலம். நாற்றமோ நூலிழைப் பிசுபிசுப்போ கண்டால் தயங்காமல் கொட்டிவிடுக. மருந்துக்குச் செலவாகும் பணம் சிக்கனக் கணக்கில் சேராது.

நம் சங்கத்தின் ஆண்டு விழா விருந்தில் எப்போதும் சிறிது மிஞ்சும். அன்றிரவு அதனை முறையாகக் காத்து, மறுநாட் காலையிற் சுண்டவைத்து, பந்தல் பிரித்தவரும் பாத்திரம் துலக்கியவரும் முதற் பந்தியில் அமர, ஏனையோர் பரிமாறினால் எத்துணைச் சிறப்பாயிருக்கும்! முதல்நாட் பந்தியில் இறுதியாக உண்டோர் மறுநாட் பந்தியில் முதலாக உண்ணட்டும். கடல் கடந்து வந்த நாம் தாயகத்துச் சுவையைக் கொணர்ந்தோம். அங்கிருந்த பிரிவினையைக் கொணர வேண்டுவதில்லை. எஞ்சிய சோற்றின் வரலாறு நமக்கு உரைப்பது இதுவே.