முகவரி எழுதப் பயந்த பிள்ளைகள்: கோழியாளத்து மாணவர் ஒருவரின் கதை

அச்சரப்பாக்கத்தில் மாலை நேர வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடிதப் பயிற்சி கொடுத்தேன். வெளியூரில் இருக்கும் நண்பருக்கு உன் பள்ளியைப் பற்றி எழுது என்பதுதான் கேள்வி. தேர்வில் வழக்கமாக வருவது. ஒரு மாணவி அழகாக எழுதியிருந்தாள். அனுப்புநர் முகவரியில் மட்டும் பெயரும் அச்சரப்பாக்கம் என்ற ஊரும் இருந்தன, தெரு இல்லை. மறந்துவிட்டாளோ என்று கேட்டேன். "தெரு பேரு போட்டா தெரிஞ்சிடும்க்கா" என்றாள்.

அது பயிற்சிக் கடிதம். யாருக்கும் போகப் போவதில்லை. அந்த நண்பரும் கற்பனைதான். கற்பனை நண்பரிடம்கூடத் தெருவைச் சொல்ல ஒரு பிள்ளை பயப்படுகிறாள்.

அன்று இரவு எனக்கு நினைவு வந்தவர் இரட்டைமலை சீனிவாசன். இங்கிருந்து சென்னை போகும் பஸ்ஸில் ஏறினால் அடுத்த பெரிய ஊர் மதுராந்தகம். அதன் பக்கத்திலிருக்கும் கோழியாளத்தில் 1860 வாக்கில் பிறந்தவர். வட்டமேசை மாநாட்டுக்குப் போன தலைவராக, திவான் பகதூராக அவரை நமக்குத் தெரியும். பள்ளி மாணவனாக இருந்த சீனிவாசனைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

குடும்பம் கோழியாளத்தை விட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் போய், பிறகு கோயம்புத்தூரில் குடியேறியது. அங்கேதான் அவர் பள்ளியில் படித்தார். அந்த நாட்களை 1939-இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற தன் சிறு நூலில் சில வரிகளில் சொல்கிறார். பள்ளியில் ஏறக்குறைய 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் பார்ப்பனப் பிள்ளைகள். தன் சாதி, வீடு இருக்கும் இடம், உறவினர்கள் யார் என்பது தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள் என்று பயந்து யாரோடும் நட்பு வைத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும், மற்ற பிள்ளைகள் பக்கத்தில் வருவதற்குள் வேகமாக வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். அவர்களோடு விளையாட முடியாமல் போனது அவரை மிகவும் வருத்தியது.

இந்த நினைவில் யாரும் அவரை அடிக்கவில்லை, வெளியே போ என்று சொல்லவும் இல்லை. சட்டப்படி அவருக்கு உள்ளே இடம் இருந்தது. ஆனால் மணிக்கு முன்னாலிருக்கும் கால் மணி நேரமும், மணிக்குப் பிறகான கால் மணி நேரமும் அவருக்கு இல்லை. நட்பு உண்டாவது அந்த நேரத்தில்தான். நீ எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமா என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அது நட்பின் முதல் கேள்வி. சீனிவாசனுக்கு அது விசாரணை.

சட்டத்துக்கும் பள்ளி வாசலுக்கும் இருந்த தூரத்தை அந்தக் காலத்தில் இன்னொரு மாணவனும் அளந்து பார்த்திருக்கிறான். 1856 ஜூனில் தார்வாட்டில் ஒரு மகர் சிறுவன், தன்னை அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள் என்று பம்பாய் அரசுக்கு மனு எழுதினான். ஒரே ஒருவனுக்காக மற்றவர்களின் வெறுப்பைச் சம்பாதித்தால் பள்ளியே பயனற்றுப் போகும் என்று அரசு கைவிரித்தது. அரசுப் பள்ளி எல்லோருக்கும் பொது என்று லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் பிறகு சொன்னார்கள். சொன்னதோடு சரி. இப்படித் திறந்தும் திறக்காமலும் இருந்த கதவு வழியாகத்தான் சீனிவாசனின் தலைமுறை உள்ளே போனது.

கோழியாளத்திலேயே இருந்திருந்தால் அந்தக் கதவையும் அவர் பார்த்திருப்பது கடினம். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைப் படித்தால் காரணம் புரியும். நிலம் மிராசுதாரிடம். குடிசை போட்ட மண்ணும் அவர் கட்டுப்பாட்டில். எதிர்த்துப் பேசினால் குடியிருப்பே போகும். கடனுக்காக ஆண்டுக் கணக்கில் பண்ணை வேலை. குடியிருக்கும் மனைகூட உனக்குச் சொந்தமில்லை என்னும்போது, பிள்ளையைப் படிக்க அனுப்புவதே ஒரு போராட்டம். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நில உரிமை பிறந்தது. அடுத்த ஆண்டே பஞ்சமர் பள்ளிகளுக்கான அரசாணையும் வந்தது. நிலமும் பள்ளியும் அடுத்தடுத்து வந்ததைக் கவனியுங்கள். முகவரி இல்லாதவனுக்குப் பள்ளிக்கூடம் எட்டாது.

சீனிவாசன் இளைஞராக இருந்த அதே காலத்தில்தான் இந்தியாவில் தபால் மலிவானது. 1854-இலேயே அரையணா தபால்தலையில் கடிதம் எவ்வளவு தூரமானாலும் போகும் என்றாகிவிட்டது. 1879-இல் காலணா தபால் அட்டை வந்தது. தூரத்து நண்பரைத் தேடிக்கொள்ள ஏழைக்கும் வழி பிறந்தது. ஆனால் தபால் அட்டைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பதில் வேண்டுமானால் நீ யார், எங்கே இருக்கிறாய் என்று எழுத வேண்டும்.

சீனிவாசன் அதை எழுதினார். அதுவும் அச்சிலேயே எழுதினார். நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்துவிட்டு 1890-இல் சென்னைக்கு வந்தவர், 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். நான்கு பக்கம், இரண்டணா விலை, முதலில் மாத இதழ், பிறகு வார இதழ். பெயர் 'பறையன்'. எந்தச் சொல் தெரிந்துவிடக் கூடாது என்று மணி அடிக்கும்வரை வெளியே ஒளிந்திருந்தாரோ, அந்தச் சொல்லையே முதல் பக்கத்தின் தலையில் போட்டார். தன்னை இன்னார் என்று வெளியே சொல்ல அஞ்சும்வரை உரிமையைக் கேட்டு வாங்க முடியாது என்பது அவர் வாதம். அது பள்ளி நாட்களில் பட்ட பாட்டிலிருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன்.

பள்ளியில் நண்பன் இல்லாதவருக்குப் பத்திரிகை வழியாக நாடெங்கும் வாசகர்கள் கிடைத்தார்கள். அதற்கு விலையும் கொடுத்தார். 1896-இல் 'பறையன்' இதழில் வந்த ஆசிரியருக்கான கடிதம் ஒன்றைக் காரணம் காட்டி வழக்குப் போட்டார்கள். ஆசிரியருக்கு 100 ரூபாய் அபராதம். ஒரு கடிதத்துக்கு 100 ரூபாய்! இதழின் விலை இரண்டணா என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், அது 800 பிரதிகளின் விலை. இதழ் நிற்கவில்லை, 1900 வரை நடந்தது. பின்னால் 1907-இல் அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதே பாதையில் கோலார் தங்க வயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை வாசகர்களைச் சேர்த்தது.

இங்கே ஒரு விமர்சனத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனுவை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். வெள்ளைக்காரனுக்கு வால்பிடித்தவர் என்று இதைக் காட்டி இன்றும் எழுதுகிறார்கள். கல்லூரி விவாதங்களில் உங்களிடமும் கேட்பார்கள். அப்போது அந்தக் கோயம்புத்தூர் வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். 400-இல் 390 பேர் ஒரே சாதி. இங்கே தேர்வு வைத்தால் யார் கலெக்டராக வருவார்கள் என்பது அவருக்கு ஊகம் அல்ல. பக்கத்தில் உட்காரவே பயந்த அந்தப் பிள்ளைகள் நாளை தன் மக்களின் மனுவைக் கையில் வாங்கும் அதிகாரிகளாக வருவார்கள் என்று கண்டார். பிரிட்டிஷ் அரசு தன் நலனுக்காகவே ஆண்டது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அவர் கேட்ட கேள்வி வேறு: யாருடைய சுயராஜ்யம்?

1900-இல் கடல் கடந்தவர் இருபது ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் இவரே. மணி அடிக்கும்வரை வெளியே இருந்த மாணவன் ஒரு பாரிஸ்டருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான்.

திரும்பி வந்து சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, தெரு, அரசு அலுவலகம், கிணறு, குளம் எதையும் யாரும் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானத்தை 1924-இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். அரசு அலுவலகம் என்றால் தபாலாபீசும் அதில் அடக்கம். தபால்தலை வாங்க நடந்துபோகும் தெருவுக்கே சட்டமன்றத்தில் தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது.

1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதிகளாக இருவர் உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுபது வயது சீனிவாசன். மற்றவர் அவரைவிட முப்பது வயது இளைய அம்பேத்கர். சாதாராவில் வகுப்பறை மூலையில் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கை விரித்து உட்கார்ந்த சிறுவன் அவர். பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் குடிக்கலாம், பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும் என்று அம்பேத்கரே எழுதியிருக்கிறார். ஒருவர் தமிழ், ஒருவர் மராத்தி. பார்க்காமலே ஒரே பள்ளி வாழ்க்கையை வாழ்ந்தவர்கள். கோயம்புத்தூரில் கிடைக்காத பள்ளித் தோழன் அவருக்கு லண்டனில் கிடைத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

இதெல்லாம் பழைய கதையா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள். அதையடுத்து அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் பள்ளிகளில் சாதியை ஒழிக்கப் பரிந்துரைகள் கொடுத்தது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் பெயர்ப்பலகையை மாற்றினால் மட்டும் பயம் போகாது. அந்தத் தெருவுக்கு விளையாட வரும் பிள்ளை வேண்டும்.

தோழர்களே, அந்த மாணவியிடம் நான் தெருப் பெயரை எழுதச் சொல்லவில்லை. மறைப்பது அவள் தவறு அல்ல. சீனிவாசனே பள்ளி முடியும்வரை மறைத்தவர்தான். அவர் கதையை மட்டும் சொன்னேன். கோழியாளம் நம் ஊர்ப் பக்கம்தான் என்றதும், "மதுராந்தகமா?" என்று இரண்டு முறை கேட்டாள். அடுத்த வாரம் வகுப்பில் எல்லோரும் அவருக்கே கடிதம் எழுதப் போகிறார்கள். முகவரி போடுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம்.

உங்கள் வகுப்பில் மணி அடித்த பிறகு மட்டும் உள்ளே வரும் பிள்ளை யார் என்று பாருங்கள். நாளைக்குக் கொஞ்சம் முன்னதாகப் போய் வெளியே அவரோடு உட்காருங்கள்.

ஜெய் பீம்.