பன்னிரண்டு கறுப்பு

பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை, "பெண் எப்படி?" என்று கேட்டால், "நல்ல நிறம்" என்று ஒரு பதில் வரும். இல்லையென்றால், "லட்சணந்தான், ஆனால் நிறம் கொஞ்சம் மட்டு" என்று வரும். நிறம் என்றால் வெளுப்பு, கறுத்த மேனிக்கு நிறமே போதாது என்று நாம் எல்லோரும் எந்தச் சிரமமும் இல்லாமல் அர்த்தம் செய்துகொள்கிறோம். நம் தேசத்துப் பழைய சித்திரக்காரன் ஒருவன் இதைக் காதில் வாங்கியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பான். அவனுடைய கணக்கு நேர் எதிரானது.

அந்தக் கணக்கு எழுத்தில் இருக்கிறது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் சித்திரசூத்திரம் என்று ஒரு பகுதி உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நூல் அது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1924-இல் கல்கத்தாவில் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மனித மேனி கௌரம், சியாமம் என இருவகைப்படும் என்று அந்நூல் தொடங்குகிறது. வெளுப்பாகிய கௌரத்தில் ஐந்து பிரிவு சொல்கிறது: பொன், யானைத் தந்தம், சந்தனம், சரத்கால மேகம், சரத்கால நிலவு. கறுப்பாகிய சியாமத்திலோ பன்னிரண்டு! சிவப்பு ஓடிய கறுப்பு, பயற்றின் கறுப்பு, அறுகம்புல் முளையின் கறுப்பு, வெளிறிய கறுப்பு, பச்சை கலந்தது, மஞ்சள் கலந்தது, பிரியங்குக் கொடியின் சாயல், குரங்கின் மேனிச் சாயல், கருங்குவளைச் சாயல், பனங்காடையின் இறகுச் சாயல், செங்கழுநீர்ச் சாயல், கடைசியாகக் கார்மேகம்.

வெளுப்புக்கு ஐந்து, கறுப்புக்குப் பன்னிரண்டு. இதைக் கறுப்பின்மேல் வைத்த பிரியம் என்று நான் சொல்லமாட்டேன். ஜாதிக்கும் பதவிக்கும் ஏற்ப மேனி வர்ணம் தீட்டச் சொல்லும் விதிகளும் அதே நூலில் இருக்கின்றன. ஆனால் கண்ணைத் திறந்து பார்த்தவனுக்கு உண்மையை மறைக்க முடியவில்லை. வெயிலில் நிற்கும் உழவனுடைய முதுகில் செம்பு தெரிகிறது. நிழலில் அதே முதுகு நீலம் பாரிக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த பாட்டியின் கையில் ஆலிவ் பச்சை ஓடுகிறது. இவையெல்லாம் கறுப்புத்தான். ஆனால் ஒரே கறுப்பு அல்ல.

இதெல்லாம் வெறும் ஏட்டுச் சுரைக்காய்தானா என்று கேட்கலாம். கறிக்கு உதவிய சுரைக்காய் அஜந்தாவில் இருக்கிறது. அங்கே முதலாம் குகையில், ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய பத்மபாணி போதிசத்துவர் வெளிறிய பொன்மேனியுடன் நிற்கிறார். அவர் அருகிலேயே ஒரு கரிய பெண் நிற்கிறாள். அவளைப் பணிப்பெண்ணாகவும் எழுதவில்லை, அரக்கியாகவும் எழுதவில்லை. முடியும் ஆரமும் தரித்த ராஜகுமாரியாகவே எழுதியிருக்கிறான்.

அவனிடம் இருந்த சரக்கும் கொஞ்சம். பாறையின்மேல் மண்ணும் உமியும் நாரும் பிசைந்த பூச்சு; அதன்மேல் மெல்லிய சுண்ணாம்பு. காவி, மஞ்சள் மண், பச்சை மண், விளக்குக் கரி, சுண்ணாம்பு வெள்ளை. நீலத்துக்கு மட்டும் தூர தேசத்திலிருந்து வந்த ராஜவர்த்தம். மேனி நிறம் என்று தனியாக ஒரு கிண்ணம் அவனிடம் கிடையாது. காவிக் கோட்டால் உருவை எழுதி, உள்ளே மண் நிறங்களைக் குழைத்து நிரப்பி, ஓரங்களை இருளச் செய்து, மூக்குத் தண்டிலும் உதட்டிலும் ஒரு வெளிச்சத் துளி வைத்தான். நிழல் காட்ட மூன்று வழிகளைச் சித்திரசூத்திரம் சொல்கிறது: இலை நரம்பு போன்ற கோடுகள், மிக மெல்லிய பூச்சு, புள்ளிகள். உருண்ட தோளும் மேடான கன்னமும் இப்படித்தான் சுவரிலிருந்து எழுந்து வந்தன.

தமிழனுக்கும் இந்தக் கண் இருந்தது. சங்கப் புலவர்கள் தலைவியின் மேனியழகை மாமை என்றார்கள். மாந்தளிரின் நிறம் அது. காதலன் பிரிந்தபோது அவள் இழந்து வருந்தியதும் அந்த மாமையைத்தான். வெளிறிப் போவது, அதாவது பசலை, அவர்களுக்கு நோயின் அடையாளம்.

பிறகு எங்கே வழி தவறினோம்? பழியெல்லாம் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட முடியாது. பேரிலேயே கறுப்பை வைத்திருக்கும் கிருஷ்ணனைப் பல தஞ்சாவூர்ப் படங்கள் வெண்ணெய்க்குப் போட்டியாக வெளுப்பாகவே காட்டின. ஐரோப்பிய எண்ணெய் வர்ணம் வந்தபோது மேனியைத் தத்ரூபமாக எழுதும் வசதி பெருகியது. ராஜா ரவிவர்மா (1848–1906) அதில் கைதேர்ந்தவர். 1868-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே பாதி வித்தையைக் கற்றார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் அவருடைய நாயர் பெண் படம் கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றது. வியர்வையும் ரத்தமும் உள்ள தோலை எழுத அவருக்குத் தெரியும். 1893-இல் சிகாகோவுக்கு அனுப்பிய பத்துப் படங்களில் ஒன்றான நாடோடிக் குடும்பத்தில் அந்தத் தவிட்டு நிறத்தைக் கண்ணாரக் காணலாம்.

ஆனால் தேவியரை எழுதும்போது அதே தூரிகை வேறு தட்டைத் தேடிப் போயிற்று. திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று பெயர். கரியவள் என்று பொருள். அந்தக் கரியவள் ரவிவர்மாவின் படங்களில் வெளுத்து நிற்கிறாள். கருநிறம் நாடோடிக்கு, வெண்ணிறம் தேவிக்கு என்ற பங்கீடு யாரும் சட்டம் போடாமலே நடந்துவிட்டது. 1894-இல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கினார். கல்லச்சில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு கல் வேண்டும். நுட்பங்கள் குறையக் குறையப் படம் மலிவாகும். அப்படி மலிந்த லட்சுமியும் சரஸ்வதியும் பூஜை அறைகளிலும் கடைச் சுவர்களிலும் குடியேறினார்கள். ராமனும் கண்ணனும் ஆண்பிள்ளைகள்; ஆகாச நீலத்தில் தப்பித்துக்கொண்டார்கள். பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. தினமும் காலையில் கும்பிட்ட முகத்தின் நிறமே அழகின் நிறம் என்று மூன்று நான்கு தலைமுறைகள் கண்ணைப் பழக்கிக்கொண்டன. "நிறம் மட்டு" என்ற ஒரு சொல்லால் கல்யாணம் தட்டிப்போன பெண்களின் கணக்கை எந்தச் சரித்திரக்காரரும் எழுதி வைக்கவில்லை.

அமெரிக்காவில் கிரயோலா என்ற வர்ணக் குச்சி வியாபாரிகள், வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றைச் 'சதை நிறம்' என்ற பெயரில் விற்றுவந்தார்கள். 1962-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் பீச் பழத்தின் பெயரை வைத்தார்கள். நம் ஊர்ப் பெட்டிகளிலும் அதே வெளிறல் குச்சி 'ஸ்கின்' என்ற பெயருடன் வந்திருக்கிறது. குழந்தை அதை எடுத்து அம்மாவின் முகத்தை எழுதப் பார்க்கும். அந்த முகம் அம்மாவுடையதாக இராது. பழைய சித்திரக்காரனுடைய பன்னிரண்டில் இரண்டொன்றை, பயற்றின் நிறத்தையும் கார்மேகத்தின் நிறத்தையுமாவது, அந்தப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் குழந்தை மற்றதைத் தானே குழைத்துக்கொள்ளும்.